பாதிக் கதையில் துப்பறிபவரைக் காணோம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்குத் துப்பறியும் கதை என்றால் உயிர். பள்ளிக்கூட நாளிலிருந்தே பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் மாத நாவலை வாங்கி, புதுச்சேரி வந்து இறங்குவதற்குள் முடித்துவிடுகிற ஆள். இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர், ஒரு மணி நேரம், ஒரு கொலை. அவன் போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கே காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியலைக் கிளறி ஒரு கனமான ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தான். எமில் கபோரியோ என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய ‘மிசியே லெகாக்’. ஷெர்லாக் ஹோம்ஸுக்கே முன்னோடி என்று நான்தான் ஆசை காட்டினேன்.

மூன்று வாரம் கழித்து போன் வந்தது.

“அண்ணே, ஏமாத்திட்டாங்கண்ணே. கொலை பண்ணவனை மொத அத்தியாயத்துலயே புடிச்சிடுறாங்க. அப்புறம் புத்தகம் முழுக்க உன் பேர் என்ன, உன் பேர் என்னன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. கடைசியிலயும் முடியல. ரெண்டாவது பாகம்னு ஒண்ணு இருக்காம், போன்ல எறக்கிப் படிச்சேன். அதுல துப்பறியிற ஆளையே காணோம்ணே!”

சிரிப்பு வந்தது. ஆனால் அவன் சொன்னதில் பெரிதாகப் பொய் இல்லை. அந்த நாவல் அப்படித்தான் இருக்கிறது. ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு மட்டும் சில காரணங்கள் உண்டு. அவற்றை அவனுக்குப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கதை. நூற்றைம்பது வருஷப் பழைய ரகசியம், சொல்லிவிட்டால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. பாரிஸ் நகர ஓரத்தில் ஒரு மோசமான சாராயக்கடை. இரவு ரோந்து போகும் போலீஸ்காரர்கள் உள்ளே கூச்சல் கேட்டுக் கதவை உடைக்கிறார்கள். மூன்று பேர் விழுந்து கிடக்கிறார்கள். கையில் துப்பாக்கியோடு ஒருவன் நிற்கிறான். தற்காப்புக்குச் சுட்டேன் என்கிறான். மேலதிகாரி ஜெவ்ரோலுக்கு இது வெறும் குடிகாரச் சண்டை. கீழ்நிலையில் இருக்கும் இளைஞன் லெகாக்குக்கு மட்டும் ஒரு உறுத்தல். பிடிபடும்போது அந்த ஆள், ‘தொலைந்தேன், பிரஷ்யர்கள் வந்துவிட்டார்கள்’ என்று கத்தினான். வாட்டர்லூ போரில் நெப்போலியனின் கதையை முடித்தது பிரஷ்யப் படையின் வருகை. சாராயக்கடைப் போக்கிரிக்கு அந்த நினைப்பு எப்படி வரும்? ஆக, இவன் வேஷம் போடுகிறான். பிடிபட்டவனோ, என் பேர் மே, நான் ஊர் ஊராகப் போய்க் கூட்டம் சேர்த்து வித்தை காட்டுகிறவன் என்று சாதிக்கிறான்.

என் தம்பி இடறி விழுந்தது இந்த இடத்தில்தான். அவன் படித்து வளர்ந்த கதைகளில் பிணம் இருக்கும், கொலைகாரன் இருக்க மாட்டான். கேள்வி, ‘யார் செய்தது?’ இங்கே கொலைகாரன் முதல் பக்கங்களிலேயே விலங்கோடு நிற்கிறான். கேள்வி வேறு: ‘இவன் யார்?’ தம்பியோ பழைய கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, பதில் வரும் வரும் என்று புத்தகம் முழுக்கக் காத்திருந்திருக்கிறான்.

ஒருவன் யார் என்று கண்டுபிடிக்க ஒரு புத்தகமே வேண்டுமா என்று கேட்கலாம். இன்றைக்கு ஸ்டேஷனில் ஆதார் அட்டையைக் கேட்பார்கள், கைரேகை வைக்கச் சொல்வார்கள், செல்போனைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். 1868-ல் பாரிஸ் போலீசிடம் இது எதுவுமே இல்லை. குற்றவாளிகளின் தோளில் சூடு போட்டு எழுத்துப் பொறிக்கும் பழக்கத்தை பிரான்ஸ் 1832-ல் ஒழித்துவிட்டது. உடம்பை அங்குலம் அங்குலமாக அளந்து பதிவு செய்யும் பெர்த்தியோன் முறை அந்தப் போலீசுக்குள் வந்தது 1880-களில்தான். கைரேகையை முறையாகப் பதிந்து வகைப்படுத்தும் அலுவலகம் கல்கத்தாவில் திறந்தது 1897-ல். இடைப்பட்ட காலத்தில் ஒரு கைதி, நான் அநாதை, சர்க்கஸ்காரன், எனக்கு ஊர் பேர் கிடையாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டால், அதைப் பொய் என்று நிரூபிக்கப் போலீஸ்காரரின் ஞாபகசக்திதான் முக்கியமான கருவி. நாவலில் வரும் ஜெவ்ரோல் ஒருவரைப் பார்த்தால் கண்ணை மட்டும்தான் பார்ப்பார். பார்த்த கண்ணை மறக்க மாட்டேன் என்பது அவருடைய பெருமை. கபோரியோ அதைக் கேலியாக எழுதுகிறார் என்றாலும், அன்றைய நிஜம் அதிலிருந்து ரொம்ப தூரமில்லை.

இந்த விஷயத்துக்கு நம்மூரிலேயே ஒரு கதை உண்டு. லண்டனிலிருந்து தப்பி 1910-ல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர் வ.வே.சு. ஐயர். வழியில் ஓர் உளவாளி அவருடைய பெட்டியில் இருந்த வி.வி.எஸ். என்ற ஆங்கில எழுத்துகளைப் பார்த்துச் சந்தேகப்பட்டதாகவும், இவர் அசராமல் ‘வீர விக்ரம் சிங்’ என்று பெயர் சொல்லிச் சமாளித்ததாகவும் சொல்வார்கள். தாடி, உடை, ஒரு பெயர், கொஞ்சம் நெஞ்சுரம். ஒரு சாம்ராஜ்யத்தின் உளவுத்துறையை ஏய்க்க அவ்வளவு போதுமாயிருந்தது. கபோரியோவின் கைதி மே செய்வதும் அச்சாக அதுதான். ஐயர் கதையை ஆர்வமாகக் கேட்கிறவர்களுக்கு மேயின் கதை ஏன் இழுவையாகத் தெரிய வேண்டும்? ஐயர் யார் என்பது நமக்கு முன்னாலேயே தெரியும், ரசிக்கிறோம். மே யார் என்று கபோரியோ நம்மிடம் சொல்லவில்லை. அவன் பக்கம் நின்று ரசிக்கவும் முடியவில்லை, லெகாக்கை மீறி ஊகிக்கவும் முடியவில்லை. தம்பியின் எரிச்சல் எனக்குப் புரிகிறது.

அடுத்தது பத்திரிகை. இந்த நாவல் 1868-ல் ‘லெ பெத்தி ஜூர்னால்’ என்ற பாரிஸ் தினசரியில் தொடராக வந்தது. அடுத்த ஆண்டு புத்தகம். அந்தத் தினசரி 1863-ல் மற்ற பத்திரிகைகளை விட மிகக் குறைந்த விலையில், 5 சாந்தீமுக்கு, அதாவது ஒரு ‘சூ’ காசுக்கு, விற்பனைக்கு வந்தது. எப்படிக் கட்டுப்படியானது? அரசியல் எழுதும் பத்திரிகைகளுக்குத்தான் அன்று முத்திரை வரி. அரசியலே எழுதாவிட்டால் வரி இல்லை. சரி, அரசியல் வேண்டாம், அப்புறம் பக்கத்தை எதைப் போட்டு நிரப்புவது? விபத்து, கொலை, விசாரணை, தொடர்கதை. 1869-ல் துரோப்மான் என்பவன் ஒரு குடும்பத்தையே கொன்ற வழக்கு வந்தது. அடுத்த ஜனவரியில் அவன் தலை கிலோட்டினில் விழுந்த சமயம் பத்திரிகை 5 லட்சம் பிரதிகளைத் தாண்டிவிட்டது. கபோரியோ எழுதிக்கொண்டிருந்தது இந்தக் கூட்டத்துக்காக. கதை எத்தனை நாள் ஓடுகிறதோ அத்தனை நாள் விற்பனை.

தமிழில் இதை நாம் தனியாக விளக்க வேண்டியதே இல்லை. வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்த வீடுகள் எத்தனை! எங்கள் அத்தை வீட்டில் ஒரு பரண் நிறைய இருந்தது. கோடை விடுமுறையில் அந்த பைண்டு புத்தகங்களை ஒரே மூச்சில் படித்தால் ஒன்று கவனிக்கலாம். ஒவ்வோர் அத்தியாயமும் போன வாரத்தைக் கொஞ்சம் திருப்பிச் சொல்லித் தொடங்கும். முடிவில் யாரோ கதவைத் தட்டுவார்கள், அல்லது ‘வீல்’ என்று அலறுவார்கள். அடுத்த வாரம் பார்த்தால் பால்காரன். வாராவாரம் காத்திருந்தவருக்கு அந்த அலறல் ஏழு நாள் பேச்சு. பைண்டில் படிக்கிறவருக்கு அது வெறும் இடைஞ்சல். ‘மிசியே லெகாக்’ என்பதும் அப்படி ஒரு பைண்டு புத்தகம்தான், அட்டை மட்டும் கெட்டி. அரையாண்டு அளவுக்குத் தினமும் ஒரு துண்டாகச் சாப்பிட்டதை என் தம்பி மூன்று வாரத்தில் விழுங்கப் பார்த்திருக்கிறான்.

ஆனால் எல்லாப் பழியையும் தொடர்கதை மேல் போட்டுவிடக் கூடாது. இந்த வகைக் கதைக்கு பிரெஞ்சுக்காரர்கள் அன்று வைத்திருந்த பெயரே வேறு: ‘ரொமான் ஜுதிசியேர்’, அதாவது நீதித்துறை நாவல். துப்பறிபவர் அதில் ஒரு பாத்திரம். இன்னொரு முக்கியமான ஆள் விசாரணை நீதிபதி. அன்றைய பிரெஞ்சு முறையில் குற்றத்தை விசாரிப்பதே ஒரு நீதிபதிதான். அவர் சாட்சிகளைக் கூப்பிடுவார், வீட்டைச் சோதனை போடுவார், கைதியைத் தன் அறையில் உட்கார வைத்து நாள் கணக்கில் கேள்வி கேட்பார். அந்த அறைக்குள் கைதியின் வக்கீலை அனுமதிக்கும் சட்டம் 1897-ல்தான் வந்தது. அதுவரை நீதிபதி, எழுத்தர், கைதி என்று மூன்றே பேர். புதுச்சேரிக்கும் அந்த விசாரணை நீதிபதி இருந்தார். 1910-களில் சுதேசிகளைச் சிக்க வைக்க யாரோ பொய்யான ஆவணங்களை ஒரு ஜாடியில் போட்டு ஐயர் வீட்டுக் கிணற்றில் இறக்கியதும், அது அம்பலமானதும், அதையொட்டி விசாரணை நீதிபதி நாந்தோ சோதனைக்காக அரவிந்தர் வீட்டுக்குப் போனதும் இந்த ஊர் வரலாறு. அங்கே கிரேக்கம், லத்தீன் புத்தகங்களைப் பார்த்து, இந்த மனிதருக்கு இவ்வளவு மொழி தெரியுமா என்று அசந்துபோய் மரியாதையாகத் திரும்பியிருக்கிறார் நாந்தோ. ஒருவர் யார் என்பதை அலமாரியை வைத்து முடிவு செய்திருக்கிறார்! லெகாக் பாணிதான்.

நாவலில் செக்முல்லர் என்ற நீதிபதி மேயை விசாரிக்கும் அத்தியாயங்கள் நீளமானவை. தம்பி அவற்றைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறான். எனக்கு அவைதான் புத்தகத்தின் உயிர். நீதிபதி குழைவாகப் பேசுவார், கைதியும் குழைவார். சர்க்கஸ்காரன் என்றால் கூட்டம் சேர்க்கும் பேச்சைப் பேசிக் காட்டு என்றால், தொண்டையைச் செருமிக்கொண்டு அச்சு அசலாகப் பேசிவிடுவான். ஒரு பொய்யைக் கூடப் பிடிக்க முடியாது. எல்லாமே சரியாக இருப்பதுதான் லெகாக்குக்குச் சந்தேகம். துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை, மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பேர். சதுரங்கம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்கும். கபடி பார்க்க வந்தவர்களுக்குப் பிடிக்காது.

துப்பறியும் வேலையும் குறைவில்லை. சாராயக்கடைக்குப் பின்னால் பனியில் பதிந்த காலடிகளை வைத்து, இரண்டு பெண்கள் ஓடினார்கள், ஓர் ஆண் துணைக்கு வந்தான், உயரமானவன், நடுத்தர வயது, பழுப்புக் கோட்டு, பெரும்பாலும் கல்யாணமானவன் என்று லெகாக் அடுக்கும் இடம் ஒன்று போதும், ஹோம்ஸ் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார் என்பது தெரிந்துவிடும். சிறையில் மேயின் அறைக்கு மேலே இருக்கும் பரணில் லெகாக் நாள் கணக்கில் படுத்துக் கிடந்து கண்காணிப்பான். ரொட்டி உருண்டைக்குள் ஒரு துண்டுச் சீட்டு வரும், முழுக்க எண்கள். அது பெரான்ஷே என்ற கவிஞரின் பாட்டுப் புத்தகத்தைச் சாவியாக வைத்த சங்கேதம். இதெல்லாம் இழுவையா? இருக்கலாம். ஆனால் காத்திருப்பதுதான் போலீஸ் வேலை என்பதை இதைவிட நேர்மையாகச் சொன்ன துப்பறியும் கதை எனக்குத் தெரிந்து குறைவு.

கடைசியில் வேறு வழியில்லாமல் மேயைத் தப்ப விடுகிறார்கள், பின்னால் போய்ப் பார்ப்பதற்காக. அவன் பாரிஸ் முழுக்கச் சுற்றி, செர்மூஸ் கோமகனின் மாளிகைச் சுவரைத் தாண்டிக் குதித்து மறைந்துவிடுகிறான். வீடு முழுக்கத் தேடியும் ஆள் இல்லை. தோற்றுப்போன லெகாக், தபாரே என்ற கிழவரிடம் யோசனை கேட்கிறான். அவர் கட்டிலில் படுத்தபடியே சொல்கிறார்: அட முட்டாளே, அவன் குதித்தது தன் சொந்த வீட்டுக்குள். கோமகன்தான் மே. முதலில் வழக்கை எடுத்த நீதிபதி காலை முறித்துக்கொண்டு ஒதுங்கினாரே, அவர் கைதியை அடையாளம் கண்டுகொண்டதால்தான் ஒதுங்கினார்.

இந்த இடத்தில் முதல் பாகம் நின்றுவிடுகிறது. ஆதாரம் இல்லை, கைது இல்லை. பிரெஞ்சில் இது ஒரே நாவலின் இரண்டு பாகங்கள். ஆங்கிலத்தில் பல பதிப்பாளர்கள் இரண்டையும் வேறு வேறு பெயரில் தனித்தனிப் புத்தகமாக விற்றார்கள். சண்டே மார்க்கெட் புத்தகத்தில் முடிவு இல்லாமல் போனது அதனால்தான். அது என் தம்பியின் தப்பும் இல்லை, கபோரியோவின் தப்பும் இல்லை.

இரண்டாவது பாகம் கபோரியோவின் தப்புதான்.

அது 1815-க்குத் தாவுகிறது. நெப்போலியன் வீழ்ந்து, புரட்சிக்குப் பயந்து ஓடிய பிரபுக்கள் ஊர் திரும்புகிறார்கள். அவர்களின் நிலத்தைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டாயிற்று, வாங்கியவர்கள் உழுது பயிர் செய்துகொண்டிருக்கிறார்கள். இப்போது நிலம் யாருடையது? அருமையான தொடக்கம், நிலத் தகராறு பார்த்து வளர்ந்த எவரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் கொஞ்ச தூரத்திலேயே காதல், கலகம், துரோகம், விஷம், சபதம் என்று கதை வேறு தேருக்கு வடம் பிடிக்கிறது. லெகாக் பிறக்கவே இல்லாத காலம் அது. அவன் எப்படி வருவான்? இடைவேளைக்கு அப்புறம் ஃபிளாஷ்பேக் போட்டு, ஹீரோவை ஒரு மணி நேரம் மறைத்து வைக்கும் சினிமாவுக்கெல்லாம் பழகியவர்கள்தான் நாம். இருந்தாலும் கடைசிப் பக்கங்கள் வரைக்குமா? அந்தக் காலத்து பிரெஞ்சு வாசகருக்கு 1815 என்பது தாத்தா சொன்ன கதை. கோமகன் ஏன் தன் பெயரை மறைக்க இவ்வளவு பாடுபட்டார் என்பதற்குக் குடும்ப மானம்தான் பதில், அந்தப் பதிலுக்குத்தான் அவர்கள் காசு கொடுத்தார்கள். காரணம் புரிகிறது. புரிவதால் அது விறுவிறுப்பாகிவிடாது.

இந்த நாவலால் ஏமாந்தவர்களில் என் தம்பி முதல் ஆளும் இல்லை. 1887-ல் வந்த முதல் ஹோம்ஸ் நாவலிலேயே வாட்சன் லெகாக்கைப் பற்றி ஆவலாகக் கேட்பார். ஹோம்ஸ் எரிந்து விழுவார்: அந்த ஆள் ஒரு சொதப்பல் பேர்வழி, அந்தப் புத்தகம் எனக்கு உடம்புக்கே முடியாமல் பண்ணிவிட்டது, ஒரு கைதியை அடையாளம் காண அவனுக்கு ஆறு மாதம், எனக்கு இருபத்து நாலு மணி நேரம் போதும். வேடிக்கை என்னவென்றால், ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில் தன் சுயசரிதையில் கபோரியோவின் கதைப் பின்னலைப் பாராட்டியிருக்கிறார். அது மட்டுமா? அதே முதல் ஹோம்ஸ் நாவலின் இரண்டாம் பாதி அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்துக்கு ஃபிளாஷ்பேக் போகிறது. ஹோம்ஸைப் பல அத்தியாயங்களுக்குக் காணோம். திட்டியபடியே அப்படியே எடுத்துக்கொண்டார்.

டாயிலுக்கு உண்மையான வெற்றி 1891-ல் ஸ்ட்ராண்ட் மாதப் பத்திரிகையில் சிறுகதைகள் எழுதிய பிறகுதான் கிடைத்தது. ஆள் மாறாமல் இருக்கட்டும், கதை ஒவ்வோர் இதழிலும் முடிந்துவிடட்டும் என்பது அவர் யோசித்துச் செய்த ஏற்பாடு. ஒரு தவணை தவறினால் வாசகர் தொடரையே விட்டுவிடுகிறார் என்று அவர் கவனித்திருந்தார். துப்பறியும் கதையின் வேகம் கூடியதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு. தமிழிலும் பாதை கிட்டத்தட்ட இதுதான். 1894-ல் நடேச சாஸ்திரி ‘தானவன்’ எழுதினார். பின்னால் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று வந்தவர்கள் சாவகாசமாகக் கதை சொன்னவர்கள். நடுவில் நீதி உபதேசம் வேறு இருக்கும். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடிக்கும் நேரத்தில் வேலையை முடித்தார். மாத நாவல் வந்த பிறகு, ராஜேஷ்குமார் மாதிரியானவர்கள் சம்பந்தமில்லாத இரண்டு கதைகளை மாற்றி மாற்றி ஓட்டிக் கடைசியில் முடிச்சுப் போட்டார்கள். அதில் மூச்சு விடவே இடம் கிடையாது. என் தம்பியின் கடிகாரம் அங்கே சாவி கொடுத்தது.

இத்தனையையும் சுருக்கி அவனிடம் சொன்னேன். முதல் பாகத்தை மறுபடி எடு, விசாரணை அத்தியாயங்களைத் தாண்டாதே, ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் படிக்காதே. இரண்டாவதில் 1815-ஐ விட்டுவிட்டு நேராகக் கடைசிக்குப் போ. அங்கே லெகாக் திரும்ப வருகிறான், வேஷம் போட்டுக்கொண்டு கோமகன் வீட்டுக்கே ஒரு பொய்க் கடிதத்தோடு போகிறான். பழைய கணக்கு தீர்வது அங்கேதான்.

“அப்படின்னா அந்தக் கடைசி முப்பது பக்கத்துக்காக ரெண்டு புத்தகமா?” என்றான்.

ஆமாம் என்றேன்.

“ரொட்டி உருண்டை சீட்டு எத்தனையாவது அத்தியாயம்ணே? அதை நான் தாண்டிட்டேன் போல.”